பரிபூரணத்தின் பாதாளக்கரண்டி

ராஜபாளையத்தில் எந்தத் தெருக் கிணற்றில் வாளி விழுந்தாலும், முதலில் அதைத் தவறவிட்டவளுக்குத் திட்டு விழும். அடுத்த காரியமாக ஒருத்தி கொண்டையை அள்ளிச் செருகிக்கொண்டு, கையில் ஒரு பித்தளைச் செம்போடு பரிபூரணத்தின் வீட்டைப் பார்க்க ஓடுவாள். செம்பு அடகுக்கு. பாதாளக்கரண்டி இரவல் வாங்குகிறவர்கள் ஏதாவது ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். கரண்டி திரும்பி வந்தால் பாத்திரம் திரும்பிப் போகும். யார் வகுத்த சட்டமோ, ஊர் முழுக்க அதுதான் வழக்கம். தன் பாத்திரம் அடுத்த வீட்டில் உட்கார்ந்திருந்தால்தான் மனுசருக்கு இரவல் பொருளின் ஞாபகமே வரும் என்பது பரிபூரணத்தின் கட்சி.

கரண்டி என்று பெயரே தவிர, அதில் குழம்பு அள்ள முடியாது. கயிறு கட்ட மேலே ஓர் இரும்பு வளையம், அதிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு கம்பி, கம்பியின் அடியில் சுற்றிலும் விரிந்து மேல்நோக்கி வளைந்த ஐந்து கொக்கிகள், அவ்வளவுதான். தளவாய்புரத்தில் இரும்புப் பட்டறை வைத்திருந்த அவள் அப்பா தன் கையாலேயே அடித்து, 1921இல் அவள் கல்யாணத்துக்குச் சீதனமாகக் கொடுத்தது. குடமும் தவலையும் எதிர்பார்த்திருந்த மாமியார் இதைக் கண்டதும், "பொண்ணு வந்திருக்கா, கூடவே தூண்டிலும் வந்திருக்கு" என்று தெருவைக் கூட்டிச் சிரித்தாள். ஆனால் போகப் போக, அந்தத் தெருவில் எந்தச் சீமாட்டியின் பித்தளையும் என்றைக்காவது ஒருநாள் பரிபூரணத்தின் வீட்டில் அடகாக உட்காராமல் தப்பவில்லை. மாமியாருக்கே பிறகு அதில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

கரண்டிக்குப் பரிபூரணம் காசு வாங்குவதில்லை. வேறொன்று வாங்குவாள். "என்ன விழுந்துச்சு, எப்படி விழுந்துச்சு, அதச் சொல்லு. பொறவு தாரேன்" என்பாள். அவசரத்தில் வந்தவள் எரிச்சலோடு ஆரம்பிப்பாள். பரிபூரணம் விடமாட்டாள். முடிச்சு அவிழ்ந்ததா, கயிறு அறுந்ததா, அறுந்தது என்றால் எந்த இடத்தில், அப்போது பக்கத்தில் யார் நின்றார்கள், மாமியாரா, நாத்தனாரா? ராஜுக்கள் தெருவிலிருந்து வருகிற அம்மாள்கள் பாதித் தெலுங்கில் சொல்வார்கள். அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். புரியாத இடத்தில் மறுபடி கேட்பாள். வம்புக்காகக் கேட்கிறாள் என்று சிலர் நினைத்தார்கள். அப்படியில்லை. ஒரு சங்கதி எப்படி நடந்தது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது, பிறவிக் குணம் அது.

பல நேரம் அவளே கூடப் போவாள். கிணற்றில் கரண்டியை இறக்கிவிட்டால் கண்ணுக்கு வேலை இல்லை. உள்ளங்கைதான் பார்க்க வேண்டும். சேறு என்றால் கயிறு மெத்தென்று நிற்கும். கல் என்றால் முரண்டு பிடிக்கும். பித்தளை என்றால் ஒரு சின்ன அதிர்வு கயிறு வழியே ஏறி வந்து விரலில் நிற்கும். பத்துத் தடவை துழாவினால் ஒரு தடவை மாட்டும். வாளி தேடப் போய் வேறு என்னென்னவோ வரும். தகர டப்பாவில் ஒரு சீட்டுக்கட்டு, ஒரு சுவர்க்கடிகாரம், கணக்கு வாத்தியாரின் பிரம்பு எல்லாம் வந்ததுண்டு. ஒவ்வொன்றும் யாரோ வேண்டுமென்றே போட்டது. அந்தக் கதைகளையும் அவள் விடாமல் கேட்டு வாங்கினாள்.

ஊர்க் கதையெல்லாம் வாங்கி வைத்த பரிபூரணம், ஒரே ஒரு கதையை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. ஐந்து கொக்கிகளில் இரண்டின் மேல் சுத்தியல் தழும்பு இருந்தது. ஒருமுறை நிமிர்ந்துபோய், அப்பா மறுபடி உலையில் காய்ச்சி வளைத்தவை அவை. "இது ஏன் இப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால், "இரும்புன்னா வளையும்" என்று பேச்சை மாற்றிவிடுவாள். கரண்டி திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் கொக்கியின் நுனிக்கும் நடுக்கம்பிக்கும் இடையில் தன் நாலு விரலைச் சேர்த்து நுழைத்துப் பார்ப்பாள். நாலு விரல் இறுக்கமாக நிற்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் உடனே பட்டறைக்கு அனுப்பிவிடுவாள். அது ஏன் என்பது அவள் சொல்லாமலே அவள் புருஷன் எலியேசருக்குத் தெரியும். அவன் பஞ்சு மில்லில் வேலை பார்க்கிறவன், அதிகம் பேசாதவன்.

1938ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு மத்தியானம், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் செப்புக்குடம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். பிடரி வரைக்கும் முடி. கண்ணோரம் சரியாகக் கழுவாத மை.

"அக்கா, பாதாளக்கரண்டி வேணும். பேரு பொன்னுராஜ்."

"எந்தக் கெணறு?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்."

"ஏழு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்க கெணத்துக்கு இங்க வந்திருக்கியாக்கும். அங்க யாரு வீட்டுலயும் இல்லியா?"

"அங்க இருக்கதெல்லாம் சின்னது. ஒங்களதுதான் பெரிசுன்னு சொன்னாவ."

"என்ன விழுந்துச்சு?"

"கொடம்."

"வாய் அகலமா, குறுகலா?"

பொன்னுராஜ் யோசித்தான். "கொடம் மாதிரிதான்க்கா இருக்கும்" என்றான்.

பரிபூரணத்துக்குச் சிரிப்பு வந்தது. அவன் கரண்டியைக் கையில் வாங்கி நிறுத்துப் பார்த்தான். கயிறு உண்டா என்று கேட்கவில்லை. கொக்கிகளைப் பார்ப்பதற்குப் பதிலாக வீட்டுச் சுவரின் உச்சியை அண்ணாந்து பார்த்தான். பிறகு, பதினேழு வருஷத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"ஒரு அரிசி மூட்டை கனம் இருந்தா தாங்குமாக்கா?"

"தண்ணியோட ஒரு அண்டா தாங்கும். அதுக்கு மேல கிடையாது" என்றாள் பரிபூரணம் சட்டென்று.

அவன் பொய் சொல்கிறான் என்பது அவளுக்கு அப்போதே பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிட்டது. கதை சொல்லாதவனுக்குக் கரண்டி இல்லை என்று அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. இந்தப் பொய் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. கொடுத்துவிட்டாள். அவன் போன பிறகு குடத்தைத் திருப்பிப் பார்த்தாள். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவையும், 'தேவகிருபை, மகாராஜபுரம்' என்ற பெயரும் வெட்டியிருந்தது. தன்னைப் போல வேதக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணக் குடம் அது. அதைப் பெண்டாட்டியிடம் கேட்டு எடுத்து வந்தானா, கேட்காமலா என்று அன்று ராத்திரி படுக்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாளாகியும் அவன் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஷிப்டு முடிந்து வந்த எலியேசர், பஸ் நிற்கிற இடத்தில் கொடுத்தார்கள் என்று ஒரு சிவப்பு நோட்டீசைக் கொண்டுவந்தான். பரிபூரணம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கண்ணில் பட்ட எழுத்தை வாசிக்காமல் விடமாட்டாள்.

'ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் திருவிழா விசேஷ நாடகம். சனிக்கிழமை இரவு. கோட்டை பிடித்த குமாரசிங்கன். வெண்திரையில் நிழல் ஏறக் கண்டீர்! எமது மேடையில் நிஜ மனிதன் பதினைந்தடிக் கோட்டைச் சுவரில் இரும்புக் கொக்கி எறிந்து ஏறுவதைக் காண வாரீர்!'

கீழே ஒரு படம். சுவரில் ஒருவன் தொங்கிக்கொண்டிருந்தான். கயிற்றின் மேல்முனையில் ஐந்து கொக்கி.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு அரிசி மூட்டை என்று அவன் கேட்டது தன் உடம்பின் கனம். இன்று ராத்திரி அவன் அதில் தொங்கப் போகிறான். கொக்கி நிமிர்ந்தால் பதினைந்தடி உயரத்திலிருந்து மல்லாக்க விழுவான். அவனுக்கு அதை எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

அடகுக் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். "நாடகக் கொட்டகைக்கா? சர்ச்சு ஐயருக்குத் தெரிஞ்சா நற்கருணையில சேக்க மாட்டாவளே" என்றான் எலியேசர்.

"நாடகம் பாக்கப் போகல. என் கரண்டியப் பாக்கப் போறேன்."

அவன் நோட்டீசை இன்னொரு தடவை பார்த்தான். படத்தின் மேல் அவன் விரல் கொஞ்ச நேரம் நின்றது. "போயிட்டு வா" என்றான்.

பஸ்ஸில் திருவிழாக் கூட்டம். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. தேரடிக்கு அப்பால் ஒரு பொட்டலில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். உள்ளே மேடையில் பலகையடித்துக் கல்போல வர்ணம் பூசிய கோட்டைச் சுவர் நின்றது. அதற்கெதிரே பொன்னுராஜ், கையில் அவளுடைய கரண்டி.

அவள் கூப்பிடுவதற்குள் அவன் கயிற்றைச் சுழற்றி எறிந்துவிட்டான். கரண்டி பறந்துபோய்ச் சுவரின் உச்சிச் சட்டத்தில் டக்கென்று மாட்டியது. முதல் எறியிலேயே! பயம் ஒரு பக்கம் இருக்க, பரிபூரணம் வாயைப் பிளந்துவிட்டாள். கிணற்றடியில் பதினேழு வருஷமாக அவளுக்கு ஒரு தடவைகூட முதல் எறியில் மாட்டியதில்லை. இதை எப்படிச் செய்கிறான் என்று கேட்க நாக்கு துடித்தது. அதற்குள் அவன் சுவரில் கால் உதைத்து விறுவிறுவென்று ஏறினான். உச்சியைத் தொட்டு, அதே வேகத்தில் இறங்கினான். அவன் கால் தரையில் படும்வரை அவள் மூச்சே விடவில்லை.

"அக்கா! நாளைக்குக் கொண்டாந்து தரணும்னுதான் இருந்தேன்."

"எறக்கு அத."

கரண்டி கைக்கு வந்ததும் நாலு விரலை உள்ளே விட்டாள். தளர்வாக இருந்தது. கட்டைவிரலையும் சேர்த்தாள். அதுவும் போயிற்று. "பாருலே, நாலு விரல் நிக்கணும். இப்போ அஞ்சும் போகுது. நீ ஏற ஏற இது வாயத் தொறந்துகிட்டே இருக்கு" என்றாள்.

"மூணு நாளா ஏறுதேன்க்கா. தாங்கத்தான செய்யுது?"

கம்பெனி முதலாளி சங்கரலிங்கம் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் ஓய்ந்துபோயிருந்தார். ரயிலடிப் பக்கம் டூரிங் சினிமா வந்ததிலிருந்து நாடகத்துக்கு ஆள் வருவதில்லை. போன மாதம் இதே காட்சியில் அட்டையில் செய்த கொக்கியை எறிந்தபோது அது சுவரில் பட்டு மடங்கியது. ஜனங்கள் சிரித்த சிரிப்பில் ராஜா வேஷக்காரர் அழுதேவிட்டார். "இன்னைக்கு நிஜமா ஏறியே ஆகணும் தாயி. இவன் மாட்டேன்னா வேற ஆளு ஏறும்" என்றார்.

வேறு ஆள் என்றதும் பொன்னுராஜின் முகம் மாறிவிட்டது. ஆறு வருஷமாக அவனுக்கு வாயிற்காவலன் வேஷமும் தோழி வேஷமும்தான். குமாரசிங்கன் அவனுக்குக் கிடைத்த முதல் கதாநாயக வேஷம், முதல் ராஜபார்ட். சமையல் பக்கத்திலிருந்து ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி அகப்பையோடு வந்து நின்றாள். பரிபூரணத்தின் இடுப்பிலிருந்த குடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் தேவகிருபை. கேட்காமல்தான் எடுத்திருக்கிறான் என்று பரிபூரணத்துக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"பயப்படுதியளாக்கா?" என்றான் பொன்னுராஜ். "அண்டாவையே தூக்குது. என்னயத் தாங்காதா?"

பரிபூரணம் குடத்தைக் கீழே வைத்தாள். தழும்பு விழுந்த இரண்டு கொக்கிகளையும் அவனுக்கு நேரே திருப்பிப் பிடித்தாள். பதினொரு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"எங்க தெருவுல செல்லக்கனின்னு ஒரு பிள்ள. பதினாறு வயசு. பங்குனி மாசம், தண்ணி கீழ கெடக்கு. எறைக்கப் போனவ வழுக்கி உள்ள விழுந்துட்டா. விழுந்தவ கெணத்துச் சுவத்துல நீட்டிகிட்டிருந்த ஒரு கல்லப் பிடிச்சுகிட்டா. ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுகிட்டு நிக்கா. ஆம்பளைங்க அம்புட்டுப் பேரும் பருத்திப் பேட்டைக்குப் போயிட்டாவ. நான் இத எடுத்துகிட்டு ஓடினேன். உள்ள எறக்கி, 'ஏட்டி, கல்ல விடு, கொக்கியப் பிடி'ன்னு சொன்னேன். நாந்தான் சொன்னேன். அவ என்னய நம்பிக் கல்ல விட்டா."

பரிபூரணம் அந்தத் தழும்பைப் பெருவிரலால் ஒருமுறை தடவினாள்.

"நாலு பொம்பளைங்க சேந்து இழுத்தோம். பாதி ஒசரம் வந்துட்டா. மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது. என்னயப் பாத்துச் சிரிச்சாகூட. அப்ப இந்த ரெண்டு கொக்கியும் நிமுந்துட்டு. கயிறு சட்டுன்னு லேசாப் போச்சு. செத்த நேரங்கழிச்சு வடத்தோட ரெண்டு ஆம்பளைங்க வந்தாவ. நான் சும்மா இருந்திருந்தா அந்தச் செத்த நேரம் அவ கல்லப் பிடிச்சுகிட்டு நின்னிருப்பா. அந்த லேசு இருக்கே, அது இன்னும் என் கையிலதான் இருக்கு. இது பாத்திரம் தூக்குத சாமான் தம்பி. மனுசன் தூக்குததில்ல."

தேவகிருபை வந்து புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பொன்னுராஜ் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏறலன்னா இன்னொருத்தன் ஏறுவான்" என்றான் குரல் இறங்கி. "அவனும் விழுவான்."

பரிபூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு மேடைக்குப் பின்னால் போய்ச் சுவரைச் சுற்றி வந்தாள். அவளுக்கு வருத்தம் வந்தாலும் கேள்வி நிற்காது.

"ஏங்க, சனங்க என்னத்தப் பாக்கணும்?" என்று சங்கரலிங்கத்திடம் கேட்டாள்.

"கொக்கி போய் விழணும். ஆளு ஏறணும்."

"ஆளு கொக்கியிலதான் தொங்கணும்னு எவனாவது உள்ள வந்து பாப்பானா?"

அவள் காட்டியது கொட்டகையின் நடுத்தூணை. சுவருக்குப் பின்னால் இரண்டு முழத்தில், சுவரைவிட உயரமாக, தேக்கு மரத்தில் நின்றது. சுவருக்குப் பின்னே பரண் கட்டி ஒரு ஆள் நிற்க வேண்டும். கொக்கி உச்சியைத் தாண்டி வந்ததும் அதைப் பிடித்து இழுத்து, கயிற்றைத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும். கனமெல்லாம் தூணுக்குப் போய்விடும், கொக்கி சும்மா தொங்கும். கிணற்றடியில் பெரிய அண்டாவைத் தூக்கும்போது தூண்கல்லில் கயிற்றைச் சுற்றிக்கொள்வது அவளுக்குப் பழக்கம். கயிறு மட்டும் கமலை வடமாக இருக்க வேண்டும் என்றாள். மாடு பூட்டி நீர் இறைக்கிற வடம் மனுசனுக்கு அறாது.

வடம் வந்தது. பரணும் கட்டியாயிற்று. யார் பிடிப்பது என்பதில்தான் நின்றது. மேடையாள் இருளப்பசாமி அந்த நேரத்தில் தகரத்தை ஆட்டி இடி இடிக்க வேண்டும், மற்றவர்களுக்கெல்லாம் வேஷம்.

"நான் பிடிக்கேன்" என்றாள் பரிபூரணம். "ஐயர் கேட்டா நாடகத்துக்கு முதுகக் காட்டிகிட்டு நின்னேன்னு சொல்லிக்கிடுதேன்."

பிறகு குடத்தை எடுத்துத் தேவகிருபையின் கையில் கொடுத்தாள். கரண்டி தன் கைக்கு வந்துவிட்டது, வழக்கப்படி குடம் போக வேண்டும் என்றாள்.

ராத்திரி கொட்டகை நிறைந்திருந்தது. பரணில் நின்றவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. தகரம் இடித்தது. குமாரசிங்கன் ஒரு பாட்டுப் பாடினான். கயிறு சுழலும் சத்தம் வந்தது. கரண்டி பலகையில் மோதிக் கீழே விழுந்தது. யாரோ விசிலடித்தார்கள். இரண்டாவது எறியும் அப்படித்தான். தன் கதை அவன் கைக்குள் புகுந்துவிட்டதே என்று அவளுக்குப் பகீரென்றது. மூன்றாவது தடவை கரண்டி உச்சியில் தட்டி, உள்ளே வராமல் மறுபடி அந்தப் பக்கமே சரிந்தது. பரிபூரணம் யோசிக்கவில்லை. கையை நீட்டி அதை எட்டிப் பிடித்துவிட்டாள். கோட்டைக்குள்ளிருந்து ஒரு வளையல் கை வந்ததைப் பார்த்ததாக முன்வரிசைக்காரர்கள் அப்புறம் வெகு நாள் சாதித்தார்கள்.

தூணில் ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. கரண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வால்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள். வடம் விறைத்தது. ஆள் ஏறிவிட்டான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கை பார்த்தது. ஒவ்வொரு எட்டுக்கும் வடம் தூணில் முனகியது. நாலடி, ஐந்தடி. பாதி உயரம் வந்திருப்பான். இங்கேதான். இந்த இடத்தில்தான் அன்றைக்கு லேசாயிற்று. இப்போது லேசாகிவிடும், இதோ ஆகிவிடும் என்று அவள் உடம்பு முழுக்கக் காத்திருந்தது. "ஆண்டவரே" என்று உதடு முணுமுணுத்தது. வடம் லேசாகவில்லை. கனம் ஏறிக்கொண்டே இருந்தது.

கண்ணைத் திறந்தபோது சுவரின் உச்சியில் ஒரு கை தெரிந்தது. அடுத்து ஒரு தகரக் கிரீடம். அதற்குக் கீழே, மையும் வேர்வையும் வழிகிற ஒரு முகம், முழுசாக, உயிரோடு.

"வந்துட்டேன்க்கா" என்றான் மூச்சு வாங்க.

பரிபூரணம் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பக்கம் கொட்டகையே கைதட்டிக்கொண்டிருந்தது. எதிரிப் படை வேஷக்காரர்கள் வாளோடு கீழே காத்திருந்தார்கள். அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. விரல்கள் அவன் கையை விட்டு வரவில்லை.

"அக்கா, கைய விடுங்க" என்று கெஞ்சினான் குமாரசிங்கன். "நான் கோட்டையப் பிடிக்கணும்."

விடுவதற்கு அவளுக்குச் செத்த நேரம் ஆயிற்று.